பொதுநூலகமும் தனிநிரலும்

நம் சங்கத்து முதியோர் பலருக்கு மடக்கை அட்டவணை நினைவிலிருக்கும். பரீட்சை மண்டபத்துள் நுழைந்து, சுட்டெண் ஒட்டிய மேசையைத் தேடி அமர்ந்ததும், அம்மெலிந்த புத்தகத்தைக் கையிலெடுத்துப் புரட்டிப் பார்த்துக்கொள்வது அக்காலத்து மாணவர் வழக்கம். பெரிய எண்கள் இரண்டினைப் பெருக்கவேண்டின், அவற்றின் மடக்கைகளை அட்டவணையிற் கண்டு, கூட்டி, மீண்டும் அட்டவணையைப் புரட்டி விடையைப் பெறுவோம். எத்துணைப் பயனுடைய புத்தகம்! ஆயினும் அது தானாக எழுந்து ஒரு வினாவுக்கேனும் விடை எழுதியதில்லை. பரீட்சை எழுதுகிறவன் மாணவன். அட்டவணையோ, அவன் கேட்டதற்கு மட்டும் மறுமொழி சொல்லிவிட்டு மேசையிலே கிடப்பது.

இன்றைய இளைஞர்களுட் பலர் மடக்கை அட்டவணையைக் கண்ணாலும் கண்டிரார். ஆனால் அவர்தம் சட்டைப்பையிலுள்ள கைத்தொலைபேசிக்குள்ளே மாணவரும் உளர், அட்டவணைகளும் உள. தொடங்கென்றால் தொடங்கி, தன் வேலையைத் தானே நடத்தி, முடிந்ததும் ஓய்வது ஒருவகைச் செய்நிரல். அதற்குத் தொடக்கவாயில் ஒன்று உண்டு. கணனி அவ்வாயிலால் நுழைந்து முதற் கட்டளையை நிறைவேற்றும். மற்றொரு வகைக்கோ அத்தகைய தலைவாயில் இல்லை. பல சிறு வாயில்கள் மாத்திரம் உண்டு. 'இதன் வர்க்கமூலம் என்ன?', 'இவ்வெழுத்தைத் திரையில் வரை', 'இக்கோப்பைச் சுருக்கித் தா' என்று வேறொரு நிரல் வந்து கேட்டால் அதற்குரிய வாயில் திறக்கும். இவ்விரண்டாம் வகையையே நூலகம் என்பர். படிப்பதற்குரிய நூல்கள் அதிலே இல்லை. எல்லோருக்கும் பொதுவாக எடுத்தாளத்தக்க வேலைமுறைகளின் தொகுப்பு என்பதால் அப்பெயர் நின்றுவிட்டது.

இவ்வளவில் நின்றுவிட்டால் இஃது ஒரு பாடப்புத்தக வரைவிலக்கணமாக முடியும். நான் சொல்லப் புகுந்தது வேறு. மாணவன் அட்டவணையை இருவகையாகப் பயன்படுத்தலாம். வேண்டிய பக்கத்தைத் தன் கொப்பியிலே பார்த்தெழுதிக்கொண்டு வந்துவிடலாம். அல்லது, மண்டபத்துச் சுவரிலே பெரிதாக ஓர் அட்டவணையைத் தொங்கவிட்டு, எல்லா மாணவரும் தலைநிமிர்ந்து அதையே பார்க்கலாம். முன்னதில் ஒவ்வொருவனும் தனித்து நிற்கிறான். எங்கே சென்றாலும் அவனுடைய பக்கம் அவனோடு போகும். பின்னதில் கடதாசி மிச்சம், சுமை இல்லை. ஆனால் சுவரிலுள்ள ஓர் எண் பிழையாயின் மண்டபம் முழுவதும் பிழை எழுதும். அவ்வெண்ணை ஒருவர் திருத்திவிட்டாலோ மண்டபம் முழுவதும் அக்கணமே திருந்தும். கணனி தோன்றிய நாள்தொட்டு இன்றுவரை இவ்விரு வழிக்குமிடையே அத்துறையினர் போய்வந்துகொண்டே இருக்கின்றனர். அந்தப் போக்குவரவின் வரலாறே இக்கட்டுரை.

வரலாறு இங்கிலாந்திலே கேம்பிறிஜ் சர்வகலாசாலையின் கணித ஆய்கூடத்திலே தொடங்குகிறது. மோறிஸ் வில்க்ஸ் என்பவரின் தலைமையிலே அங்கு அமைக்கப்பட்ட எட்சாக் என்னும் கணனி 1949 மே 6 ஆம் நாள் முதன்முதலாக ஒரு செய்நிரலை இயக்கி, வர்க்க எண்களின் பட்டியல் ஒன்றை அச்சிட்டுக் கொடுத்தது. ஏறத்தாழ 3,000 வால்வுகள். நினைவகமாக நீண்ட குழாய்களில் நிரப்பப்பட்ட பாதரசம். அப்பாதரசத்தினூடே ஒலியலைகளாக எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். தொடக்கத்திலே அதிற் கொள்ளக்கூடியவை 512 சொற்கள் மட்டுமே. கட்டளைகளும், எண்களும், இடைக்கால விடைகளும் யாவும் அந்த 512 இடத்துள் அடங்கவேண்டும். செய்நிரலைக் கடதாசி நாடாவிலே துளையிட்டுக் கொடுப்பர்.

பொறியைக் கட்டுவதே கடினம், அதற்குக் கட்டளை எழுதுவது எளிது என்றுதான் அக்காலத்து அறிஞர் எண்ணியிருந்தனர். அவ்வெண்ணம் சில வாரங்களிலே தகர்ந்தது. பட்டியல்கள் அச்சிட்டதோடு நில்லாமல் உண்மையான விஞ்ஞானக் கணக்கொன்றைச் செய்யக் கருதி, வில்க்ஸ் 126 கட்டளைகள் கொண்ட ஒரு செய்நிரலை எழுதினார். அந்த நாடா பிற்காலத்திலே கண்டெடுக்கப்பட்டு ஆராயப்பட்டபோது அதில் ஏறத்தாழ இருபது பிழைகள் இருந்தமை தெரியவந்தது. கேம்பிறிஜ் அறிஞர் ஒருவர், தாமே தலைமை தாங்கிக் கட்டிய பொறிக்கு, தாமே எழுதிய கட்டளைகள்; ஆறு வரிக்கு ஒரு பிழை. எட்சாக் இருந்த அறைக்கும் நாடா துளையிடும் அறைக்கும் இடையே படிகளிற் செல்லும்போது, தம் எஞ்சிய வாழ்நாளிற் பெரும்பகுதி தம் நிரல்களிலேயே பிழை தேடுவதிற் கழியப்போகின்றது என்ற உணர்வு தம்மைத் தாக்கியதாக அவர் தம் நினைவுக்குறிப்புகளிலே சொல்லியுள்ளார். நகைச்சுவையாக எடுத்தாளப்படும் செய்தி இது. நூலகம் என்னும் எண்ணத்துக்கு ஊற்றுக்கண் இதுவே என்று நான் கருதுகிறேன். இடத்தை மிச்சம்பிடிக்க எண்ணியல்ல, பிழையை அஞ்சியே நூலகம் பிறந்தது. ஒருவர் எழுதிப் பலமுறை சோதித்துத் தேறிய பகுதியை மற்றவர் மீண்டும் எழுதாதிருந்தால், அப்பகுதியிலேனும் புதிய பிழை புகாது அன்றோ!

இப்பொறுப்பு டேவிட் வீலர் என்னும் ஆராய்ச்சி மாணவர் கையிலே விழுந்தது. 1927 இற் பிறந்த அவருக்கு அப்போது வயது இருபத்திரண்டு. நம் சங்கத்து இளைஞர்கள் இவ்வயதைக் கவனிப்பார்களாக. அவர் முன் நின்ற சிக்கல்கள் இரண்டு.

ஒரு துணைநிரல் நினைவகத்தில் எவ்விடத்தில் வைக்கப்படும் என்பது அதனை எழுதும்போது தெரியாது. ஒருவர் செய்நிரலில் அது நூறாம் இடத்தில் அமையும். இன்னொருவர் செய்நிரலில் முந்நூறாம் இடத்தில் அமையும். ஆனால் கட்டளைகளோ 'நூற்றைந்தாம் இடத்துக்குச் செல்' என இடத்தின் எண்ணைக் குறித்தே எழுதப்படுவன. வீடு மாறினால் முகவரியும் மாறவேண்டும். வீலர் 1949 செப்டெம்பரில் அமைத்த தொடக்கக் கட்டளைத் தொகுதி இதனைத் தீர்த்தது. நாற்பத்தொரு கட்டளைகளே கொண்ட அச்சிறு தொகுதி, நாடாவைப் படிக்கும்போதே, துணைநிரல் எவ்விடத்தில் வந்து அமர்கின்றதோ அதற்கேற்ப அதன் உள்முகவரிகளைத் தானே கூட்டித் திருத்திவிடும். நாற்பத்தொரு கட்டளைகளுள் அத்தனை வேலையை அடக்கியதை இன்றைய வல்லுநரும் வியந்து பேசுவர்.

மற்றையது திரும்பிவரும் சிக்கல். துணைநிரல் தன் வேலையை முடித்த பின், தன்னை அழைத்தவரிடமே மீளவேண்டும். அழைப்பவரோ பலர்; ஒரே செய்நிரலிற் பத்து இடங்களிலிருந்து அழைப்பு வரலாம். எட்சாக்கிலே அதற்கென்று தனிக் கட்டளை எதுவும் இருக்கவில்லை. வீலர் கண்ட உபாயம் இது: அழைப்பவன் புறப்படுமுன் தான் நிற்கும் இடத்தைக் கையிலே குறித்துக்கொண்டு செல்வான், துணைநிரல் அக்குறிப்பை வாங்கி, அதிலிருந்து 'இன்ன இடத்துக்குத் திரும்பு' என்னும் கட்டளையை உண்டாக்கி, தன் உடலின் கடைசி வரியிலே தானே எழுதிக்கொள்ளும். பிறகு வேலையைச் செய்யும். கடைசி வரிக்கு வந்ததும் உரிய இடத்துக்குத் திரும்பும். வீலர் தாவல் என்று இன்றும் அவர் பெயரால் வழங்கும் முறை அது. துணைநிரல் தன்மேலேயே எழுதிக்கொள்கின்றது என்பதை வாசகர் மனத்திலே வைத்திருக்க வேண்டும். சற்றுப் பின்னர் அது நமக்குத் தேவைப்படும்.

இவ்வாறு எழுதிச் சோதிக்கப்பட்ட துணைநிரல்களின் நாடாக்கள் கணித ஆய்கூடத்திலே ஓர் உருக்கு அலுமாரியின் இலாச்சிகளில் அடுக்கப்பட்டன. அதுவே உலகில் நன்கமைந்த முதல் நிரல் நூலகம். 1951 இல் அங்கே 87 துணைநிரல்கள் இருந்தன. ஒவ்வொரு வகைக்கும் ஓர் எழுத்து: மடக்கைகளுக்கு எல், திரிகோண கணிதத்துக்கு ரீ, அச்சிடுதலுக்குப் பீ. நம் மடக்கை அட்டவணை இலாச்சிக்குள் நாடாவாகிப் புகுந்துகொண்டதைக் காண்கிறோம். ஆராய்ச்சியாளர் ஒருவர் கணக்குச் செய்ய வந்தால், தமக்கு வேண்டிய நாடாவை எடுத்து, பிரதிசெய்யும் கருவியிலிட்டு, தம் நாடாவிலே அப்படியே துளையிட்டுக்கொண்டு, மூலத்தை இலாச்சியிலே திரும்ப வைத்துவிடுவார். அதாவது, கொப்பியிலே பார்த்தெழுதும் வழி. அவருடைய நாடா இனித் தனித்து நிற்கும்; அலுமாரி பூட்டியிருந்தாலும் அது ஓடும். அதே ஆண்டு வில்க்ஸ், வீலர், ஸ்ரான்லி கில் மூவரும் இம்முறையை விளக்கி வெளியிட்ட புத்தகமே செய்நிரலாக்கம் பற்றி அச்சேறிய முதற் புத்தகம் எனப்படுவது. புரதமொன்றின் கட்டமைப்பைக் கண்டு 1962 இல் நோபெல் பரிசு பெற்ற யோன் கென்ட்றூ போன்றோர் எட்சாக்கிலே தம் கணக்குகளைச் செய்தவர்கள்.

1952 இலே வீலர் அமெரிக்காவில் வாசித்த சிறு கட்டுரையொன்றில் ஒரு கருத்து உண்டு. துணைநிரலை எழுதுவதோடு வேலை தீர்வதில்லை. பிறர் அதன் உட்புறத்தைப் பாராமலே பயன்படுத்தத் தக்கவாறு அதனைத் துல்லியமாக விவரித்து எழுதுவதும் வேண்டும், அதுவும் எளிதன்று என்பதே அது. உட்சிக்கல்கள் யாவும் கண்ணிற் படாமற் புதைந்திருக்கவேண்டும் என்றும் அவர் கருதினார். நல்ல கருத்துத்தான். ஆனால் கண்ணிற் படாமற் புதைந்திருப்பவற்றுள் வேறு சிலவும் புதைந்திருக்கலாம் என்பதை எழுபத்திரண்டு ஆண்டுகளின் பின்னர் உலகம் அறிய நேர்ந்தது. அதற்குப் பின்னர் வருவோம்.

அத்திலாந்திக்குக்கு அப்பாலும் இதே தேவை இருந்தது. கிறேஸ் ஹொப்பர் அம்மையார் ஹாவாட்டிலே பணியாற்றிய காலத்தில் நிரலாளர்கள் தத்தம் குறிப்புப் புத்தகங்களிலே தேறிய பகுதிகளை வைத்திருந்து ஒருவரிடமிருந்து ஒருவர் கையாற் பார்த்தெழுதிக்கொள்வராம். பார்த்தெழுதுகையிலே பிழை, முகவரிகளைக் கூட்டித் திருத்துகையிலே பிழை. மனிதர் செய்தாற் பிழைக்கும் வேலையைப் பொறியே செய்யட்டும் என்று கருதி, 1952 இலே அவர் யூனிவாக் கணனிக்கென ஒரு நிரலை ஆக்கினார். காந்தநாடாவில் உள்ள துணைநிரல்களை அவற்றின் இலக்கத்தைச் சொன்ன மாத்திரத்தே தேடியெடுத்துக் கோத்துத் தரும் நிரல் அது. 1955 இல் ஐ.பி.எம். கணனிகளைப் பயன்படுத்தியோர் லொஸ் ஏஞ்சலிசிலே கூடிச் சங்கமொன்று அமைத்துத் தம் துணைநிரல்களை ஒருவர்க்கொருவர் வழங்கிக்கொண்டனர். அச்சங்கத்துக்கு அவர்கள் இட்ட பெயர் 'பகிர்' என்று பொருள்படும் ஷெயர் என்பதே. எனினும் இவையெல்லாம் கொப்பியிலே பார்த்தெழுதும் வழியின் விரிவுகள். ஆயிரம் செய்நிரல்கள் மடக்கைத் துணைநிரலை வேண்டின், அதன் பிரதிகள் ஆயிரம்.

சுவரிலே ஒரே அட்டவணையைத் தொங்கவிடும் எண்ணம் முழு வடிவில் வெளிப்பட்டது 1965 இல் அறிவிக்கப்பட்ட மல்ற்றிக்ஸ் என்னும் முறைமையிலே. மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனம், பெல் ஆய்கூடம், ஜெனரல் எலெக்றிக் ஆகிய மூன்றும் கூடி ஆக்கிய அம்முறைமையின் நோக்கம் பெரிது: நகரொன்றுக்கு மின்சாரம் வழங்குவது போலப் பலருக்கு ஒரே நேரத்தில் கணனிச்சேவை வழங்குதல். பலர் ஒரே கணனியைப் பயன்படுத்தும்போது ஒவ்வொருவர் நிரலிலும் ஒரே துணைநிரலின் பிரதியை வைத்திருப்பது வீண் அன்றோ? ஆகவே மல்ற்றிக்ஸிலே செய்நிரலோடு நூலகத்தை முன்கூட்டிச் சேர்த்து வைப்பதில்லை. பெயர் மட்டும் எழுதப்பட்டிருக்கும். நிரல் ஓடிக்கொண்டிருக்கையிலே அப்பெயரை முதன்முறை அழைத்ததும் கணனி ஒரு கணம் தடுத்து நிறுத்தி, அப்பெயருடைய துணைநிரல் எங்கிருக்கின்றது என்று தேடிக் கண்டு, இணைப்பை ஏற்படுத்திவிடும். மறுமுறை அழைக்கும்போது தேடல் இல்லை, நேரே செல்லலாம்.

இங்கேதான் வீலர் தாவலை நினைவுகூரவேண்டும். தன் கடைசி வரியிலே தானே எழுதிக்கொள்ளும் துணைநிரலைப் பலர் ஒரே நேரத்திற் பயன்படுத்த இயலுமா? கந்தன் திரும்புவதற்கு எழுதிய முகவரியை, அவன் திரும்புமுன் வேலன் வந்து அழித்துத் தன் முகவரியை எழுதிவிடுவான். சுவர் அட்டவணையிலே எவரும் பென்சிலாற் கிறுக்கலாகாது. ஆதலின் மல்ற்றிக்ஸிலே பகிரப்படும் நிரற்பகுதி ஒருபோதும் மாறாததாய் இருக்கவேண்டும் என்பது விதியாயிற்று. ஒவ்வொருவருக்கும் உரிய குறிப்புகளும் முகவரிகளும் அவரவர் தனியிடத்திலே வைக்கப்பட்டன. இன்று நம் கணனிகளிலும் கைத்தொலைபேசிகளிலும் உள்ள பகிர்நூலகங்கள் யாவும் இவ்விதியின்மேலேயே நிற்கின்றன: சட்டம் பொது, கணக்கு அவரவர்க்கு.

மல்ற்றிக்ஸ் பருத்தது, தாமதமானது. 1969 இற் பெல் ஆய்கூடம் அதிலிருந்து விலகிற்று. விலகி வந்தோருட் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி என்போர் யூனிக்ஸ் என்னும் சிறு முறைமையை ஆக்கத் தொடங்கினர். பெரியதொன்றினாற் சலிப்புற்றவர் சிறியதை நாடுவது இயல்பு. யூனிக்ஸிலே ஓடும்போது இணைக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. வேண்டிய துணைநிரல்களைப் பிரதிசெய்து உள்ளே வைத்துத் தைத்துவிடும் பழைய கேம்பிறிஜ் வழிக்கே அவர்கள் மீண்டனர். அக்காலத்து நிரல்கள் சிறியனவாதலின் அதில் இடர்ப்பாடும் இல்லை.

இடர்ப்பாடு 1980 களில் வந்தது. திரையிலே சாளரங்களும் படங்களும் தோன்றலாயின. ஒரு சிறு கடிகாரத்தைத் திரையிற் காட்டும் நிரலுக்குக்கூட, சாளரம் வரையும் நூலகத்தின் பெரும்பகுதி வேண்டும். கொப்பி அட்டவணையை விடச் சிறிதாகிவிட்டது! 1985 நவெம்பரிலே வெளிவந்த முதலாம் விண்டோஸ் 256 கிலோபைற்று நினைவகத்துள் ஓடவேண்டியிருந்தது. பகிராமல் அது இயலாது. டி.எல்.எல். என நம் இளைஞர் அறிந்த கோப்புவகை அவ்வாறு வந்ததே. யூனிக்ஸ் உலகிலே சன் நிறுவனம் 1988 இல் வெளியிட்ட சன் ஓ.எஸ். 4.0 பகிர்நூலகங்களைப் புகுத்தியது. மல்ற்றிக்ஸ் விட்டுச்சென்ற எண்ணம் அதன் எதிராளியின் வீட்டிலேயே குடியேறிற்று.

இதன் பயனை அனுபவித்த அளவுக்கு இடரையும் நான் அனுபவித்திருக்கிறேன். 1998 ஆம் ஆண்டளவிலே கொழும்பில் ஒரு கந்தோரிற் கடமையாற்றினேன். சம்பளக் கணக்குப் பார்க்கும் நிரல் ஒன்று அங்கே நெடுநாளாகக் குறைவின்றி ஓடிவந்தது. ஒரு நாள் மாலை, அழகிய எழுத்துகளிற் கடிதம் அச்சிடலாம் என்று சொல்லி, இறுவட்டொன்றிலிருந்து வேறொரு நிரலைக் கணனியில் ஏற்றினோம். மறுநாட் காலை சம்பள நிரல் திறக்க மறுத்தது. ஏதோ ஒரு கோப்பிலே ஏதோ ஒரு வாயில் இல்லை என்று ஆங்கிலத்திலே ஓர் அறிவித்தல். சம்பளத் தினத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது. கடித நிரலை நீக்கிப் பார்த்தோம்; பயனில்லை. பழுது பார்க்க வந்த இளைஞர் இன்னொரு கணனியிலிருந்து ஒரேயொரு கோப்பைப் பிரதிசெய்து வைத்த பின்னரே சம்பள நிரல் கண் திறந்தது. நடந்தது யாதெனில், இரு நிரல்களும் ஒரே பெயருடைய பொதுநூலகத்தை நம்பியிருந்தன; புதிதாய் வந்தது தன்னோடு கொண்டுவந்த பழைய பதிப்பை அங்கிருந்த புதிய பதிப்பின்மேல் எழுதிவிட்டது. சுவர் அட்டவணையைக் கழற்றிவிட்டு யாரோ முந்திய ஆண்டின் அட்டவணையை மாட்டிவிட்டார்கள். சம்பள நிரலிலே ஒரு புள்ளிதானும் மாறவில்லை. ஆயினும் அது செத்துக் கிடந்தது. உலகெங்கும் இக்கூத்து நடந்து, 'டி.எல்.எல். நரகம்' என்ற பெயரும் பெற்றிருந்ததை நான் பின்னரே அறிந்தேன். 2000 இல் வந்த விண்டோஸ் தன் முதன்மைக் கோப்புகளைப் பிறர் மாற்றாதவாறு காவல் செய்யலாயிற்று. 2001 இல் வந்த எக்ஸ்.பி. ஒரே நூலகத்தின் பல பதிப்புகளை அருகருகே வைத்துக்கொள்ளவும் வழிசெய்தது.

ஓர் இடைக்குறிப்பு. கோப்பின் அமைப்பைப் பார்த்தால் விண்டோஸில் தனிநிரலும் நூலகமும் ஏறக்குறைய ஒரே வடிவினவே. இது நூலகம் என்பதைத் தலைப்பிலுள்ள ஓர் அடையாளம் சொல்லும். லினக்ஸிலோ, பெரும்பாலான நிரல்கள் நம்பியிருக்கும் முதன்மை நூலகத்தைத் தனிநிரல் போல ஓடென்று பணித்துப் பார்த்தால் அது ஓடவும் செய்யும். ஓடித் தன் பதிப்பெண்ணையும் உரிமைக் குறிப்பையும் சொல்லிவிட்டு நின்றுவிடும். தன் முன்னட்டையைத் தானே வாசிக்கும் அட்டவணை என்போமா? ஆகவே வேறுபாட்டைக் கோப்பின் வடிவிலே தேடுவதிலும், சேர்க்கை எப்போது நடக்கின்றது, எங்கே நடக்கின்றது, அதிற் பழுது வந்தால் யார் திருத்துவது என்பவற்றிலே தேடுவதே பொருத்தம்.

திருத்துவது யார் என்னும் வினா 2002 மார்ச்சிலே கூர்மையாயிற்று. கோப்புகளைச் சுருக்கும் சீலிப் என்னும் நூலகத்திலே, ஒருமுறை விடுவித்த நினைவிடத்தை மறுமுறையும் விடுவிக்கும் பிழையொன்று கண்டுபிடிக்கப்பட்டது. தீயோர் அதனைப் பயன்படுத்திக் கணனியைக் கைப்பற்றவும் கூடும். அந்நூலகத்தைப் பகிர்ந்து பயன்படுத்திய நிரல்களுக்கு மருத்துவம் எளிது: ஒரு கோப்பை மாற்றினாற் போதும். ஆனால் அதனைத் தம்முள்ளே பிரதிசெய்து வைத்திருந்த நிரல்கள் எத்தனையோ. எவரெவர் கொப்பியிலே அப்பக்கம் இருக்கின்றது என்பதற்கு ஓரிடத்திலும் பட்டியல் இல்லை. லினக்ஸின் கருவினுள்ளேயே ஒரு பிரதி இருந்தது. ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தவேண்டியதாயிற்று. தனித்து நிற்பவன் பிறர் பிழையாற் கெடான் என்பது மெய். தன்னிடமுள்ள பழைய பிழையோடு தனித்தே நிற்பான் என்பதும் மெய்.

2014 ஏப்பிரல் 7 இல் வெளியான செய்தி இன்னும் பெரிது. இணையத்தில் இரகசியமாகச் செய்தி பரிமாறுவதற்கு எண்ணற்ற சேவையகங்கள் நம்பியிருந்த ஓப்பின் எஸ்.எஸ்.எல். நூலகத்திலே இரண்டு ஆண்டுகளாக ஒரு துளை இருந்தது. மூன்றெழுத்துச் சொல்லை அனுப்பி, 'இது அறுபதாயிரம் எழுத்து. அவ்வளவையும் திருப்பிச் சொல்' என்று கேட்டால், சேவையகம் எண்ணிப் பாராமல், அச்சொல்லை அடுத்துத் தன் நினைவகத்திற் கிடப்பதையெல்லாம் 64 கிலோபைற்று வரையில் அள்ளிக் கொடுத்துவிடும். கடவுச்சொற்களும் இரகசியத் திறவுகோல்களும் அதனுள் இருக்கலாம். ஒரு நூலகத்தில் ஒரு சரிபார்ப்பு விடுபட்டதால் உலகத்து இணையத்தளங்கள் பல ஒரே நாளில் நடுங்கின. அதே நூலகம் பொதுவாயிருந்தமையாற்றான், திருத்திய பதிப்பு வெளிவந்த பின் பல சேவையகங்கள் சில நிமிடங்களிலே காப்பாற்றப்பட்டன என்பதையும் சொல்லவேண்டும்.

இதற்கிடையிலே வட்டம் மறுபடியும் திரும்பத் தொடங்கியிருந்தது. நினைவகம் மலிந்தது, வட்டுகள் பெருத்தன, மிச்சம்பிடிக்கும் தேவை தளர்ந்தது. 2009 இல் கூகிள் நிறுவனம் வெளியிட்ட கோ என்னும் நிரல்மொழியிலே ஆக்கும் செய்நிரல்கள் இயல்பாகவே வேண்டிய நூலகங்களைத் தம்முள் அடக்கி ஒரே கோப்பாக நிற்பன. அம்மொழியை வடிவமைத்த மூவருள் ஒருவர், யூனிக்ஸைத் தொடங்கிய அதே கென் தொம்சன். நாற்பது ஆண்டுகளின் பின்னும் அம்மனிதர் கொப்பிக் கட்சியிலேயே இருந்தார்! 2013 இல் வந்த டொக்கர் முதலான முறைகளோ, நிரலையும் அது வேண்டும் பகிர்நூலகங்கள் அனைத்தையும் ஒரே பெட்டியில் அடைத்து அனுப்புவன. மாணவன் சுவரோடு சுவராக அட்டவணையைப் பெயர்த்துத் தூக்கிச் செல்வது போன்றது இது. எனக்கு இது சிறிது வேடிக்கையாகவே படுகின்றது. ஆனால் சம்பளத் தினத்துக்கு இரண்டு நாள் முந்திய அந்தக் காலையை நினைக்கையில் வேடிக்கை குறைந்துவிடுகிறது.

கடைசியாக 2024 இன் நிகழ்ச்சி. தொலைவிலுள்ள கணனிக்குள் பாதுகாப்பாகப் புகுவதற்கு உலகெங்கும் பயன்படுவது ஓப்பின் எஸ்.எஸ்.எச். என்னும் நிரல். அதனை ஆக்குவோர் மிக்க எச்சரிக்கையுடையோர். கோப்பைச் சுருக்கும் எக்ஸ்.சி. என்னும் நூலகத்தோடு அதற்கு எத்தொடர்பும் இல்லை. ஆனால் லினக்ஸ் வழங்குவோர் சிலர், 'நான் எழுந்துவிட்டேன்' என்று கணனியின் மேலாண்மை முறைமைக்கு அறிவிக்கும் சிறு வசதிக்காக, அந்நிரலை வேறொரு நூலகத்தோடு இணைத்திருந்தனர். அந்த வேறொரு நூலகமோ எக்ஸ்.சி. நூலகத்தை நம்பியிருந்தது. இவ்வாறு அழையாத விருந்தாளியாக எக்ஸ்.சி. அவ்வீட்டினுள்ளே வந்து அமர்ந்திருந்தது. பகிர்நூலகம் அழைத்தவனுடைய வீட்டுக்குள்ளேயே, அழைத்தவனுடைய முழு அதிகாரத்தோடும் இயங்குவது. திண்ணையில் நிறுத்தி மறுமொழி கேட்டு அனுப்பும் ஏற்பாடு அங்கில்லை. இதனை நன்கறிந்த ஒருவர், அல்லது ஒரு கூட்டத்தார், புனைபெயரில் வந்து, தனியொருவராய்ப் பராமரித்துக் களைத்திருந்தவருக்கு உதவுவதாகச் சொல்லி, இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நம்பிக்கையைத் தேடிக்கொண்டு, ஈற்றிலே 5.6.0, 5.6.1 என்னும் பதிப்புகளிற் கள்ளக்கதவொன்றைப் புதைத்துவிட்டனர்.

அதனைக் கண்டுபிடித்தவர் அன்ட்றெஸ் புறொய்ண்ட் என்னும் பொறியியலாளர். அவர் கள்ளனைத் தேடிப் புறப்பட்டவரல்லர். தரவுத்தள வேகத்தை அளந்துகொண்டிருந்தவர், தம் கணனிக்குள் நுழைய வழக்கத்திலும் ஏறத்தாழ அரை வினாடி கூடுதலாகச் செல்வதைக் கவனித்தார். எத்தனை பேர் அரை வினாடியைப் பொருட்படுத்துவர்! அவர் அதனைப் பின்தொடர்ந்து சென்று, 2024 மார்ச் 29 இல் உலகுக்கு அறிவித்தார். கேடுற்ற பதிப்பு பெருவழக்கில் வருமுன்னரே தடுக்கப்பட்டது. வழங்குவோர் பழைய பதிப்புக்குத் திரும்பினர்.

அவ்வாண்டு யூலையிலே ஓப்பின் எஸ்.எஸ்.எச். நிரலின் 9.8 ஆம் பதிப்பு வெளிவந்தது. 'நான் எழுந்துவிட்டேன்' என்று அறிவிக்கும் அச்சிறு வசதி அதிலே இருந்தது. ஆனால் எந்த நூலகத்தையும் அழைக்கவில்லை. அதற்கு வேண்டிய சில வரிகளை அவர்கள் தம் கையாலேயே நிரலுக்குள் எழுதியிருந்தார்கள்.